வருகைப் பதிவேடு சொன்ன கணக்கு

நம் சங்கத்துத் திங்களிதழில் எழுதுவோர் பலரும் நன்கு கற்றவர்கள். அடியேன் பத்தாம் வகுப்பில் தேறியதோடு பள்ளிக்கு விடை கொடுத்தவன். திருப்பதி இரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து, நாளெல்லாம் ஊர்ப்பெயரும் தேதியும் தொகையும் பார்த்துப் பிழைப்பவன். மருத்துவமோ உயர்கணிதமோ நான் கற்றதில்லை. ஆயினும், ஒரு நோய் வருமுன் அதைக் கணக்கிட்டு அறிய முடியுமா, அறிந்து தடுக்க முடியுமா என்னும் பொருள் பற்றி எழுதத் துணிகிறேன். ஏனெனில் அத்தகைய கணக்கு ஒன்று என் கைப்பட எழுதப்பட்டு, என் மேசையின் மேலேயே கிடந்தது. அதைப் படிக்கத் தெரியாமையால் நான் என் தாயை இழந்தேன்.

என் தந்தையார் குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சித்தூரில் இரயில்வே கேங்மேனாகப் பணியாற்றியவர். அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தபொழுது எனக்கு வயது இருபது. காட்பாடி, சித்தூர், பாகாலா, சந்திரகிரி, திருப்பதி என்று நீளும் அந்த இருப்புப்பாதையே எங்கள் குடும்பத்தின் வரலாறு என்று சொன்னால் மிகையாகாது. ஒரு முனையில் சொந்த ஊர். மறுமுனையில் சோறு போடும் ஊர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அம்மா சந்தையில் கற்ற தெலுங்கிலேயே அண்டை வீட்டாருடன் உறவு கொண்டாடி, திருப்பதியில் எங்களோடு வாழ்ந்துவந்தார். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும், குடியாத்தம் சென்று வரவேண்டும் என்பது அவருடைய ஒரே விருப்பம்.

2018ஆம் ஆண்டு அதிக மாதம் வந்தமையால் திருமலையில் பிரம்மோற்சவம் இரண்டு முறை நடைபெற்றது. செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் நவராத்திரியை ஒட்டி மற்றொன்று. இடையில் புரட்டாசிச் சனிக்கிழமைகள். தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் ஆடை உடுத்தி வரும் அடியார் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒரு மாதம் எங்கள் கவுண்ட்டர்களின் முன் வரிசை குறைந்ததே இல்லை. காலையில் கண்ணாடியைத் திறந்தால், தலை நிமிர நேரமிராது. எதிரில் நிற்பவர் இருமுவார், சில்லறையை நீட்டுவார், நான் வாங்குவேன். அடுத்தவர் வருவார்.

எங்கள் பிரிவில் அப்பொழுது முப்பத்தொரு பேர். மஸ்டர் ரோல் என்று நாங்கள் சொல்லும் வருகைப் பதிவேட்டை எழுதி வைக்கும் பொறுப்பு என்னுடையது. வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடிட்டு, காரணத்தையும் குறிப்பேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஒருவர் பெயருக்கு நேரே ‘சுரம்’ என்று எழுதினேன். அடுத்த வாரம் இருவர். அதற்கு அடுத்த வாரம் நால்வர். அக்டோபர் இரண்டாம் வாரம் எழுவர். ஒவ்வொரு முறையும் ‘சுரம்’ என்னும் சொல்லை அழகிய கையெழுத்தில் எழுதினேனேயன்றி, ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு என்று அவை நிற்கும் வரிசையை நான் ஒரு கணமும் நோக்கினேன் அல்லேன். ஆள் குறைந்ததால் கூடிய வேலையே என் கண்ணுக்குத் தெரிந்தது.

அக்டோபர் 13ஆம் நாள் எனக்கு உடம்பு வலித்தது. மறுநாள் தொண்டை கரகரத்தது, மாலையில் காய்ச்சல். விடுப்புக் கேட்டால் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள். ஆனால் கூட்டம் அலைமோதும் வேளையில் விடுப்புக் கேட்க எனக்கே மனம் வரவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் கவுண்ட்டரில் அமர்ந்தேன். இரவில் வீடு திரும்பியதும் அம்மா என் அருகிலேயே உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “கண்ணு, ரெண்டு வாய் கஞ்சியாச்சும் குடி” என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். நான் குடித்து வைத்த மிச்சத்தை, வீணாக்கலாகாது என்று அவரே குடித்தார். மூன்றாம் நாள் அவர் படுத்தார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. சர்க்கரை நோயும் உண்டு. “சாதாரணக் காய்ச்சல்தான்” என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். பரிசோதனையில் எச்1 என்1 வகை இன்புளுயன்ஸா என்றார்கள். இந்நோய்க்கு உரிய மருந்து, நோய் தோன்றிய முதல் இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் நன்கு வேலை செய்யும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த இரண்டு நாட்களை நாங்கள் வெந்நீரிலும் கஷாயத்திலும் கழித்துவிட்டோம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் அம்மா கண் மூடினார். அவருக்காகக் காட்பாடி வரை எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை நானே என் கையால் ரத்து செய்தேன்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய பின், மாத முடிவில் விடுப்புக் கணக்குத் தயாரிக்க வேண்டியிருந்தது. பதிவேட்டின் பழைய தாள்களைப் புரட்டினேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பிறகு மூன்று, பிறகு ஒன்று. ஏழு பேரில் ஒருவன் நான். காகிதத்தின் பின்புறத்தில் அந்த எண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடிழுத்துப் பார்த்தேன். ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் ஒரு சிறு குன்று தோன்றியது. நான்காம் புள்ளியை வைக்கும் முன்பே மூன்றாம் புள்ளி எனக்கு எச்சரிக்கை தந்திருக்கிறது. என் கண்தான் அதைக் காணவில்லை.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் அப்பொழுது திருப்பதியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்தக் குன்றை உலகம் அறிந்து நூறாண்டு ஆகப்போகிறது. அதுவும் நம் நாட்டுக் கணக்கைக் கொண்டே அறிந்தது” என்றார். அன்று தொடங்கி, ஞாயிறுதோறும் மாலையில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றையே எளிய முறையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

தென்மத்திய இரயில்வேயின் தலைமையிடமாகிய செகந்திராபாத்தில், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். பாடநூல் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. மலேரியாவை ஒழிக்க ஊரிலுள்ள கொசுக்களை எல்லாம் கொல்லவேண்டுமே, அது நடக்கிற காரியமா என்று பலர் அவரைக் கேட்டார்கள். ராஸ் அதற்குக் கணிதத்தால் விடை கூறினார். கொசுக்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தாலே போதும். அதன் பிறகு நோய் தானே தேய்ந்து மறையும் என்று சமன்பாடு எழுதிக் காட்டினார். நோய்க்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. வரவைச் சற்றுக் குறைத்தால் அது கடனில் மூழ்கும் என்பதே அதன் சாரம்.

ராஸின் வழியில் நடந்தவர் மெக்கென்ட்ரிக். இவரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலியிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். பின்னர் எடின்பரோவுக்குத் திரும்பி, கெர்மாக் என்னும் வேதியியல் அறிஞரோடு சேர்ந்தார். கெர்மாக் ஆய்வுக்கூட விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். இவ்விருவரும் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைதான் இன்று உலகெங்கும் நோய்ப் பரவலைக் கணிக்கும் முறைகளுக்கு வித்து. தம் கணக்குச் சரியா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1906ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கையை. அவர்கள் வரைந்த கோடு அந்த எண்களோடு ஒட்டி ஓடிற்று. பம்பாயில் யாரோ ஒரு எழுத்தர், வாரம் தவறாமல் இறப்புகளை எண்ணி எழுதியிராவிட்டால், அந்தக் கணக்கைச் சோதிக்க வழி இருந்திராது.

அந்தக் கணக்கு என்ன? ஊர் மக்கள் அனைவரையும் மூன்று பெட்டிகள் கொண்ட ஓர் இரயிலில் ஏற்றியதாக எண்ணிக்கொள்ளுங்கள். நோய் வரக்கூடியவர் முதற் பெட்டியில். நோயுற்றிருப்பவர் இரண்டாம் பெட்டியில். தேறியவரும் இறந்தவரும் மூன்றாம் பெட்டியில். முதற் பெட்டியிலிருந்து இரண்டாம் பெட்டிக்கு ஆட்கள் எவ்வளவு வேகமாக நகர்கிறார்கள் என்பது இரு பெட்டிகளிலும் உள்ளவர் தொகையைப் பொறுத்தது. முதற் பெட்டி நிரம்பியிருந்து, இரண்டாம் பெட்டியில் சிலர் சேர்ந்துவிட்டால், நோய் விரைந்து ஏறும். முதற் பெட்டி காலியாகக் காலியாக, பற்றிக்கொள்ள ஆளின்றி நோய் இறங்கும். என் பதிவேட்டில் கண்ட குன்று இப்படித்தான் உண்டாயிற்று. அறிஞர்களும் இவற்றைப் பெட்டிகள் என்றே அழைக்கிறார்கள் என்று அந்த இளைஞர் சொன்னபொழுது, இரயில்வேக்காரனாகிய எனக்கு அத்துயரத்திலும் சற்றே புன்னகை வந்தது.

இனி, எண்ணிக்கை. நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே இக்கணக்கின் உயிர்நாடி. ஆண்டுதோறும் வரும் இன்புளுயன்ஸாவுக்கு இது ஏறத்தாழ 1.3 என்று கணித்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் சற்றே மேல். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செல்ல இந்நோய்க்குச் சுமார் மூன்று நாளே போதும். ஒரு மாதத்தில் பத்துத் தாவல்கள். 1.3ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 14. அதாவது மாதத் தொடக்கத்தில் நூறு பேருக்கு இருந்தது, மாத முடிவில் 1,400 பேருக்கு இருக்கும். அந்த 1.3ஐ 0.9 ஆகக் குறைத்தால்? நூறு பேர் முப்பத்தைந்து பேராகச் சுருங்குவார்கள். பெருகுவதற்கும் சுருங்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு அவ்வளவு சிறியது. நூறு தொற்றுகளில் இருபத்து நான்கைத் தடுத்துவிட்டால் அந்த எண் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். எல்லாரும் வீட்டில் அடைந்து கிடக்கத் தேவையில்லை. காய்ச்சலோடு இருப்பவர் சில நாள் ஒதுங்கி இருந்தால், முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் காலத்தே தடுப்பூசி போட்டால், சன்னல்களைத் திறந்து வைத்தால், அந்த இருபத்து நான்கு சிறுகச் சிறுகச் சேரும். தடுப்பூசி போட்டவருள்ளும் சிலருக்கு நோய் வரும். நன்கு பொருந்திய ஆண்டுகளிலும் அது நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரைதான் காக்கும். ஆகையால் ஒரே கவசத்தை நம்பாமல் பலவற்றைச் சேர்க்கச் சொல்கிறது கணக்கு.

இக்கணக்கை அறிந்த நாளன்று நான் உறங்கவில்லை. அந்த இருபத்து நான்கில் ஒன்றாக என் இரண்டு நாள் விடுப்பு இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த கேள்வி, நோய் எப்பொழுது வரும் என்பது. இதற்குக் கால அட்டவணை உண்டா? ஓரளவு உண்டு. நம் நாட்டின் பல நகரங்களில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பரிசோதித்துத் தொகுத்த ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி, ஸ்ரீநகரில் இன்புளுயன்ஸா குளிர்காலத்தில், ஜனவரி முதல் மார்ச்சு வரை உச்சம் பெறுகிறது. டில்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி உச்சம். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதாவது நம் ஐப்பசி அடைமழையை ஒட்டி உச்சம். வேலூருக்கும் சித்தூருக்கும் ஒரு மணி நேரப் பயணமே. மழையும் காற்றும் ஒன்றே. ஆகவே, நாடு முழுவதற்கும் ஒரே நாளில் தடுப்பூசி என்பது பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் எவ்வெவ் வகைக் கிருமிகளைச் சேர்க்கவேண்டும் என்று ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், பரிந்துரைக்கிறது. போட்ட பின் காப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும். மாதங்கள் செல்லச் செல்ல அது குறையும். எனவே நம் பக்கத்தில் உள்ளவர்கள் மழைக்கு முன்னரே மருத்துவரைக் கேட்டு முடித்துவிடுவது அறிவுடைமை. இவ்வூசி அரசின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் இல்லாமையால், செலவு நம் கையைக் கடிக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அட்டவணை மட்டும் போதாது என்பதை இரயில்வேக்காரன் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. வண்டி ஆறு மணிக்கு என்று அச்சிட்டிருக்கும். அது இப்பொழுது எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதல்லவா நமக்கு வேண்டியது? 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் எச்1 என்1 கண்டறியப்பட்டவர் 1,786 பேர். அதற்கு முந்திய 2015ஆம் ஆண்டிலோ 42,592 பேர். இறந்தவர் 2,990 பேர். மறுபடியும் 2017ஆம் ஆண்டில் 38,811 பேர். என் தாய் இறந்த 2018ஆம் ஆண்டில் 15,266 பேர், இறந்தவர் 1,128. அந்த 1,128இல் ஒன்று என் அம்மா. ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி இறங்குவதை அட்டவணையால் மட்டும் சொல்ல இயலாது. நோய் இன்று எங்கே, எத்தனை பேருக்கு என்னும் வாராந்தர எண்ணிக்கை வேண்டும்.

அதுவும் பயணத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1918ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இன்புளுயன்ஸா, இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவிற்று என்று அக்கால இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் தம் அறிக்கையில் குறித்தார். ஒரு கோடியே இருபது இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர் என்று மதிப்பிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டு மே மாதம், ‘ஆசியக் காய்ச்சல்’ என்று பெயர் பெற்ற இன்புளுயன்ஸா சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியே சென்னையில் இறங்கிற்று. அடுத்த ஒன்பது மாதங்களில் நாட்டில் 44 இலட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாகக் கணக்காயிற்று. 2009ஆம் ஆண்டு மே மாதம், புதிய எச்1 என்1 ஐதராபாத்தில் விமானத்தில் வந்திறங்கிய ஒரு பயணியிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இரயில், கப்பல், விமானம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் நம்மவர் ஏறிய வாகனங்களே மூன்றும். இதனால் பயணி குற்றவாளி ஆகமாட்டான். ஆனால் பயணிகளின் கணக்கைப் பார்த்தால், நோய் அடுத்து எங்கே செல்லும் என்பதை முன்னறியலாம். இன்று முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் திறக்கிறது. புரட்டாசியில் எத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள் என்பது ஆவணி முடிவதற்குள்ளேயே எங்கள் கணினிக்கு ஓரளவு தெரிந்துவிடுகிறது. நோயை முன்கணிக்கும் அறிஞர்கள் இத்தகைய போக்குவரத்துத் தொகையையும் தம் சமன்பாட்டில் சேர்க்கிறார்கள்.

முன்கணிப்புத் தவறுவதும் உண்டு. கூகுள் நிறுவனம், மக்கள் காய்ச்சல் பற்றிக் கணினியில் எவ்வளவு தேடுகிறார்கள் என்பதைக் கொண்டு இன்புளுயன்ஸாவை அளக்க 2008ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கிற்று. 2012-13ஆம் ஆண்டுப் பருவத்தில் அது உண்மையைவிட மிகக் கூடுதலாகச் சொல்லிவிட்டது. 2015ஆம் ஆண்டு திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாளில் நோயைப் பற்றிப் படித்துப் பயந்தவனும் தேடுவான், நோயுற்றவனும் தேடுவான். இருவரையும் கணினி பிரித்தறியவில்லை. அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு நிறுவனமோ 2013ஆம் ஆண்டு முதல் பல குழுக்களைத் தனித்தனியே கணிக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. தனி ஒருவர் கணிப்பைவிடப் பலர் கணிப்பின் சேர்க்கை பெரும்பாலும் நம்பத்தக்கதாய் இருக்கிறதாம். ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன?

எந்தக் கணிப்பானாலும், அதன் அடியில் இருப்பது எளிய மனிதர் எழுதும் எண்ணிக்கைதான். நம் நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடைபெறுகிறது. கிராமச் சுகாதாரப் பணியாளர் எஸ் படிவத்திலும், மருத்துவர் பி படிவத்திலும், ஆய்வுக்கூடத்தார் எல் படிவத்திலும் எழுதி அனுப்புவர். 2021 முதல் இவை நாடெங்கும் கணினித் தளம் வழியே செல்கின்றன. வாராந்தர அறிக்கை எழுதுவதில் உள்ள சபலம் எழுத்தனாகிய எனக்குத் தெரியும். பார்த்து எழுதிய சுழியும் உண்டு. பார்க்காமல் எழுதிய சுழியும் உண்டு. தாளில் இரண்டும் ஒரே வட்டம்.

இந்தச் சுழியைப் பற்றியும் மெக்கென்ட்ரிக் சிந்தித்திருக்கிறார். 1926ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில், இந்தியக் கிராமம் ஒன்றில் காலரா கண்ட கணக்கு வருகிறது. மொத்தம் 223 வீடுகள். 168 வீடுகளில் ஒருவருக்கும் நோயில்லை. 32 வீடுகளில் ஒவ்வொருவர். 16 வீடுகளில் இருவர். 6 வீடுகளில் மூவர். ஒரு வீட்டில் நால்வர். அந்த 168 சுழிகளும் ஒரே வகையினவா என்று அவர் கேட்டார். நோய் நெருங்கியும் தப்பிய வீடுகள் சில. நோய் நெருங்கவே இடமில்லாத வீடுகள் பல என்று கணக்கிட்டுப் பிரித்தார். பெயர் தெரியாத அந்த ஊரில் வீடு வீடாகச் சென்று எண்ணியவர் எவரோ! அவர் சோம்பல்பட்டிருந்தால் உலகம் ஒரு பாடத்தை இழந்திருக்கும்.

இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காயோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 2020ஆம் ஆண்டு கொரோனாவுக்கு அஞ்சி உலகமே முகக்கவசம் அணிந்து, பயணத்தைக் குறைத்து, விலகி நின்றது. அந்நோய் அதனால் அடங்கிவிடவில்லை. ஆனால் 1.3 என்னும் மெலிந்த எண்ணைக் கொண்ட இன்புளுயன்ஸா அந்தக் காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழக் காணாமற் போயிற்று. அதில் பி-யமகாட்டா என்னும் ஒரு கிளை 2020 மார்ச்சுக்குப் பின் இயற்கையில் கண்டறியப்படவே இல்லை. தடுப்பூசியிலிருந்தும் அதை நீக்கப் பரிந்துரைத்துவிட்டார்கள். எண் ஒன்றுக்குக் கீழே போனால் நோய் தேயும் என்று ராஸ் எழுதியது இன்புளுயன்ஸாவில் இவ்வாறு மெய்யாயிற்று.

அன்பர்களே, இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. வெளியூரில் வாழும் நாம் ஆண்டெல்லாம் உழைத்து, தீபாவளிக்குத்தான் சொந்த ஊர் செல்கிறோம். தீபாவளி வருவது ஐப்பசியில். சென்னைக்கும் வேலூருக்கும் இன்புளுயன்ஸா உச்சம் பெறுவதும் அப்பொழுதே. நெரிசல் மிக்க பெட்டியில் பயணம் செய்து, நாம் போய்ச் சேருவது வயது முதிர்ந்த தாய் தந்தையரின் மடியில். புதுத்துணியும் இனிப்பும் எடுத்துச் செல்லும் பையோடு வேறொன்றையும் சுமந்து செல்கிறோமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். இந்த முன்கணிப்புக்குச் சமன்பாடு எதுவும் தேவையில்லை. நாட்காட்டி ஒன்றே போதும்.

எங்கள் வீட்டில் இப்பொழுது ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். ஆவணி பிறந்ததும் என் மனைவி நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்து வைப்பாள். அந்நாளில் என் மாமனார் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஊசி போட்டு வருவோம். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் என்றால், அவருக்குத் தனி அறை, தனிக் கிண்ணம். மிச்சக் கஞ்சியை எவரும் குடிப்பதில்லை. முதல் நாளே மருத்துவரிடம் செல்கிறோம். அலுவலகத்திலும் நான் ஒரு சிறு மாற்றம் செய்துகொண்டேன். வராதவர் பெயருக்கு நேரே காரணம் எழுதுவதோடு நில்லாமல், வார முடிவில் ‘சுரம்’ என்னும் சொற்களை எண்ணி, தாளின் ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறேன். ஒரு வாரத்தில் ஒன்று இரண்டாகி, மறுவாரம் நான்கானால், மேலதிகாரியிடம் காட்டுகிறேன். சன்னல்கள் திறக்கப்படுகின்றன, இருமுகிறவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இதனால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று என்னால் சொல்ல இயலாது. நோய் வராதவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஓர் இளைஞர் என் கவுண்ட்டருக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. காட்பாடிக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். “காய்ச்சலுங்க. ஊர்ல பாட்டி இருக்காங்க. அடுத்த மாசம் போய்க்கறேன்” என்றார். விதிப்படி ஒரு தொகை பிடித்தம் ஆகும் என்றேன். “ஆகட்டுங்க” என்றார். மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் சென்ற பிறகும், வரிசையில் அடுத்து நின்றவர் இருமுறை அழைக்கும் வரை, நான் அந்த ரத்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.